மூன்று பன்னிரண்டுக்கு வந்த அழைப்பு

தன் போனை அவள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தால் கவிழ்த்து மூடியிருந்தாள். வீட்டுக்குள் வந்த தேளை, அடிக்க ஆள் வரும்வரை மூடி வைப்பார்களே, அந்த மாதிரி. கிண்ணத்தின் மேல் பாதிச் செங்கல் ஒன்று வேறு.

"கடிக்குமா?" என்றார் ஸ்டெப்னி.

நான் அவர் காலை மிதித்தேன். ஸ்டெப்னி என் உதவியாளர். வயது நாற்பத்தெட்டு. பதினாலு வருஷம் லாரி ஓட்டியவர். எழவு வீட்டில்கூட வாயை மூடத் தெரியாதவர். என்னைத் துருவி என்பார்கள். ஒரு போலீஸ் நிலையத்தில் கேலியாக வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் மூன்று வருஷம் படித்து வாங்கிய பட்டத்தைவிட இந்தப் பட்டம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

"கடிச்சிடுச்சுங்க," என்றாள் அவள். சிரிக்கவில்லை.

இருபத்தாறு வயது. சட்டைத் தொழிற்சாலையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். பதினொரு நாளுக்கு முன்னால்வரை ஒரு லாரி டிரைவரின் மனைவி. மலைப்பாதையில், கொட்டும் மழையில், முன்னால் போன வண்டியை முந்தப் போய், எதிரே இறங்கி வந்த பஸ்ஸில் நேருக்கு நேர் மோதிச் செத்துப்போனான் அவள் கணவன். அவனுடைய போனில் எடுக்கப்படாத அழைப்பு ஒன்று இருந்தது. இவளிடமிருந்து. நேரம் விடிகாலை மூன்று பன்னிரண்டு.

"அந்த நேரத்துல ஏன் கூப்பிட்டே?"

"மழை, அக்கா. தகரக் கூரை. அந்தச் சத்தத்துல முழிச்சுக்கிட்டேன். பயமா இருந்துச்சு. எங்கயாவது ஓரங்கட்டிட்டுத் தூங்குங்க, விடிஞ்சு போலாம்னு சொல்லத்தான்..."

முன்னறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "போன் பண்ணியே ஆளைக் கொன்னாச்சு. இப்ப ஆள் வச்சுத் துப்பறியிறாளாம்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பிளை ரோட்டில் செத்தால் பொம்பிளை வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றுதான் முதலில் கேட்பார்கள். கூப்பிட்டிருந்தால் கூப்பிட்டதால் செத்தான். கூப்பிடாமல் இருந்திருந்தால், ஒரு வார்த்தை கேட்க நாதியில்லாமல் செத்தான். எந்தப் பக்கம் போனாலும் தடம் இவள் வாசலில்தான் வந்து முடியும்.

"அவர் போன் வண்டியில எங்க இருந்துச்சு?"

"மழை வந்தா வண்டி பேப்பரோட சேர்த்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ரெட்டை முடிச்சுப் போட்டு, முன்பெட்டிக்குள்ள வச்சுடுவார். கூரை ஒழுகும். அப்படியேதான் எங்கிட்ட குடுத்தாங்க. முடிச்சை நான்தான் அவுத்தேன்."

"அப்புறமென்னம்மா?" என்றார் ஸ்டெப்னி. "பெட்டிக்குள்ள, கவருக்குள்ள, ரெட்டை முடிச்சுக்குள்ள. லோடு லாரி போடற சத்தத்துல எமனே பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதுல விழாது."

"விழுந்திருந்தா? பெட்டியைத் திறக்கக் கையை நீட்டியிருந்தா?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னாலதான் செத்தார்னா சொல்லிடுங்கக்கா. தாங்கிக்குவேன். இதுவா அதுவான்னு தெரியாம ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கேன் பாருங்க, அதைத்தான் முடியல."

"உன் வீட்டுக்காரரோட அண்ணன் என்ன சொல்றார்?"

அண்ணனும் டிரைவர். இரண்டு லாரி, இரண்டிலும் சிமெண்ட் மூட்டை. அண்ணன் முன்னால், தம்பி பின்னால். பத்து வருஷமாக அப்படித்தான்.

"நடுவுல ஒரு டேங்கர் லாரி புகுந்துச்சாம். அவர் அதைத் தாண்டப் போயிருப்பார்ங்கறார். தான் ரொம்ப முன்னாடி போயிட்டதால எதுவும் பாக்கலையாம்."

"நீ கூப்பிட்ட விஷயத்தை உன் மாமியார்கிட்ட சொன்னது?"

"மாமாதான்." கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "போன் கம்பெனி லிஸ்டை வச்சு ஸ்டேஷன்ல சொன்னாங்கன்னு வந்து சொன்னார்."

---

அன்று இரவே மலையேறினோம். செக்போஸ்டின் இரவுக் காவலாளியைப் பகலில் தேடிப் போய் என்ன பயன்?

பாதி வழியில் மழை பிடித்தது. அதற்கு மேல் பனியும் இறங்கியது. எங்கள் பழைய காரின் வெளிச்சம் பத்தடி போய் வெள்ளைச் சுவரில் முட்டி எங்கள் கண்ணுக்கே திரும்பி வந்தது.

"பெரிய வெளிச்சத்தைப் போடுங்களேன்."

"போட்டா சுவர் இன்னும் வெள்ளையாகும். வேணும்னா படம் வரையலாம்." ஸ்டெப்னி ஸ்டியரிங்கில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு ஓட்டினார். இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் பாறை. எது எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"இப்படித்தான் பதினாலு வருஷமா?"

"ஆமா. பேச யார் இருக்கா? முன்னால போறவனோட ரெண்டு சிவப்பு விளக்குதான் துணை. எட்டு மணி நேரம் அதையே பாத்துக்கிட்டுப் போவேன். கட்டினவ முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பாத்ததில்ல."

"அதான் விட்டுட்டுப் போனாங்களோ?"

"அவ என் முகத்தைப் பாத்துட்டா மேடம். அதான் போயிட்டா."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வைப்பர் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது.

செக்போஸ்ட் என்பது ஒரு கட்டை, ஒரு தகரக் குடிசை, ஒரு காவலாளி. எங்களைப் பார்த்ததும் அந்த மனிதர் ஸ்டூலைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். ஆள் முகம் பார்த்து நாலு நாள் ஆயிற்றாம். வண்டிகள் நிற்கும், வெளிச்சம் கண்ணில் அடிக்கும், போய்விடும். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதிலும், கேட்காத கேள்விக்கு இரண்டு பதிலும் சொன்னார்.

நோட்டைப் புரட்டினார். "இதோ. ரெண்டு ஐம்பத்தெட்டு. சிமெண்ட் லாரி ரெண்டு."

"இங்கிருந்து அந்த வளைவுக்கு?"

"லோடு வண்டின்னா கால் மணி நேரம்."

ஸ்டெப்னி என்னைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தெட்டோடு கால் மணி. ஏறக்குறைய அவள் கூப்பிட்ட அதே நேரம். அவளைக் காப்பாற்ற ஏறி வந்தோம். கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டோம்.

"ரெண்டுக்கும் நடுவுல டேங்கர் ஒண்ணு போச்சே?"

"டேங்கரா?" காவலாளிக்குக் கோபமே வந்துவிட்டது. "கட்டையை ஒரு தடவைதாங்க தூக்கினேன். அண்ணன் வண்டி போயி, தம்பி வண்டி வாலும் தாண்டின பின்னாடிதான் இறக்கினேன். ஒட்டிக்கிட்டே போவாங்க, அதனால ஒரே தூக்கு. கை வலி மிச்சம். அப்புறம் நாலரை வரைக்கும் கட்டையைத் தொடவே இல்ல."

"மேல போக வேற வழி?"

"பறந்து போனாதான் உண்டு."

ஆக, டேங்கரே இல்லை. அண்ணன் பொய் சொல்லியிருக்கிறார். தம்பி முந்தப் போனது அண்ணனுடைய லாரியைத்தான்.

எழுந்தோம். காவலாளிக்கு எங்களை விட மனமில்லை. வாசல்வரை பேச்சு கூடவே வந்தது.

"ஒண்ணு மட்டும் அன்னிக்கு எனக்குச் சிரிப்பா இருந்துச்சுங்க. அண்ணன்காரர் கட்டையைத் தாண்டினதும் பனி ஜாஸ்தியாயிடுச்சு. அவர் பாட்டுக்கு இடது இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டுப் போறார். தம்பி வண்டி வந்து மறைக்கிற வரைக்கும் பாத்தேன், அது மின்னிக்கிட்டே போகுது. இடது பக்கம் திரும்ப அங்க என்ன ரோடா இருக்கு? முன்னூறு அடிப் பள்ளம்!"

அவர் சிரித்தார். என் பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. ஸ்டெப்னி அடுத்தவர் ஜோக்குக்குச் சிரிக்காமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னார்.

"மேடம், ராத்திரியில லாரிக்காரங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. பின்னால வர்றவனுக்கு முன்னால என்ன இருக்குன்னு தெரியாது. எனக்குத் தெரியும். அதனால நான் சொல்லணும். வலது விளக்கு மின்னினா, வராதே, எதிர்ல வண்டி இருக்கு. இடது விளக்கு மின்னினா, ரோடு காலி, என்னைத் தாண்டிப் போ. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. ஆனா உசுரே அதை நம்பித்தான் ஓடுது."

"அப்ப அண்ணன் தம்பியைத் தாண்டிப் போகச் சொல்லிக் கூப்பிட்டிருக்கார்."

"எதிர்ல பஸ் வர்ற வளைவுல."

வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவனைக் கொல்ல கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம். ஒரு விரல், ஒரு சுவிட்ச். அப்புறம் ஒரு டேங்கர் கதை. பழியைச் சுமக்கத்தான் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே.

---

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. பஸ் டிரைவரின் வலது காலைக் கட்டுப்போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் காலி. பார்க்க வந்தவர்கள் உட்காரும் நாற்காலியும் காலி.

"அவன் அவசரப்பட்டு வரலை மேடம்," என்றார். "தூங்கிட்டும் வரலை. வலது இண்டிகேட்டர் போட்டு, பரிட்சைக்கு ஓட்டிக் காட்டற மாதிரி முறையா வெளிய வந்தான். என் வெளிச்சம் அவன் மேல விழுந்துச்சு. ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு."

"ரெண்டு கையுமா? நல்லா யோசிச்சு..."

"யோசிக்க வேற என்ன இருக்கு எனக்கு? கண்ணை மூடினா அந்த ரெண்டு கைதான்."

எனக்கு மூச்சு வந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பெட்டிப் பக்கம் எந்தக் கையும் நீளவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மலையைப் பத்துத் தரம் ஏறலாம். ஆனால் இதை மட்டும் கொண்டுபோனால் மாமியார் விடமாட்டாள். பின்னே எதுக்குடி முந்தினான் என்பாள்.

"முன்னால வந்த லாரி இடது இண்டிகேட்டர் போட்டிருந்ததா?"

"இல்லையே. ரெண்டு கண்ணையும் சிமிட்டிக்கிட்டு வந்துச்சு. நாலு பக்கமும் மின்ன விட்டிருந்தான். பனியில ஜாக்கிரதையா மெதுவாப் போறேன்னு அர்த்தம். பரவால்ல, பொறுப்பான ஆளுன்னு நெனச்சேன். நெனச்சு முடிக்கலை, பின்னால இருந்து இவன் வந்துட்டான்."

நடைக்கூடத்தில் ஸ்டெப்னி தலையைச் சொறிந்தார். "கட்டைக்காரர் ஒரு விளக்குங்கறார். கட்டுக்கால்காரர் ரெண்டுங்கறார். யாரோ புளுகறாங்க மேடம்."

"யாரும் புளுகலை. இவர் லாரியோட முகத்தைப் பாத்தார். அவர் முதுகைப் பாத்தார்."

ஸ்டெப்னியின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

---

அண்ணனின் லாரி ஷெட்டில் நின்றது. அந்த விடிகாலைக்குப் பிறகு மூட்டையை இறக்கி நிறுத்தியதோடு சரி, அவர் சாவியைத் தொடவில்லை. கழுவவும் இல்லை. தாடி வளர்ந்து, ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, பார்க்க அறுபது. எங்களைப் பார்த்து எழவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

நான் நேரே லாரியின் பின்பக்கம் போனேன். இடது விளக்கின் மேல் மெல்லிய திரையாகச் சேறு காய்ந்து கிடந்தது. வலது விளக்கு பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றிப் பெயிண்ட், பிறை மாதிரி வளைந்து வளைந்து உரசிப் போயிருந்தது.

ஸ்டெப்னி குனிந்து பார்த்தார். "வைப்பர் முன் கண்ணாடிக்குத்தானே? பின் விளக்குக்கு எப்ப வச்சாங்க?"

"அந்த வைப்பர் இங்கதான் எங்கயாவது கிடக்கும்."

மூலையில் தார்ப்பாய் சுருட்டி வைத்திருந்தது. இருவரும் விரித்தோம். கயிறு கோக்கும் பித்தளை வளையங்கள் ஓரமெல்லாம் வரிசையாக இருந்தன. வலது பின்மூலையில் துணி கிழிந்து, வளையம் நூலில் தொங்கியது. அதன் விளிம்பில் லாரியின் பச்சைப் பெயிண்ட்.

"என்ன பண்றீங்க?" அண்ணன் எழுந்தார்.

"டேங்கரைத் தேடறோம்," என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதே நேரம் ஷெட் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. வேலை முடிந்ததும் வரச் சொல்லியிருந்தேன். தைத்த நூல் பிசிறு சேலையில் ஒட்டியிருக்க, அவள் வந்து நின்றாள். கையில் பை. பைக்குள் அந்த போன். அதையும் கொண்டுவரச் சொன்னது நான்தான்.

"கட்டை ஒரு தடவைதான் தூக்கினாங்க," என்றேன். "தம்பி தாண்ட வந்தது உங்களைத்தான். ஏன் மறைச்சீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"கண்ணாடியில பாத்தேன்," என்றார். "அவன் வெளிச்சம் வலது பக்கம் வெளிய வருது. எனக்குப் புரியல. எதிர்ல பஸ். ஏன்டா வர்றேன்னு கத்தறேன், யாருக்குக் கேக்கும்? நாலு விளக்கையும் போட்டு வச்சிருந்தேன் மேடம், செக்போஸ்ட் தாண்டினதுல இருந்து. மெதுவா வாடா, பின்னாலயே வாடான்னு அவனுக்காகத்தான் போட்டேன். அப்படியும் ஏன் வந்தான்? என்னைத் தாண்டப் போய்ச் செத்தான்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? வாய்ல டேங்கர்னு வந்துடுச்சு. அப்புறம் போன் விஷயம் தெரிஞ்சதும்..."

"வசதியாப் போச்சு."

"ஒருவேளை அதனாலதான்னு நானும் நம்பிட்டேன்."

நம்பினாராம். நம்புவதற்கு எவ்வளவு லகுவான ஆள் கிடைத்தாள்! அறையலாம் போல் இருந்தது. ஆனால் இனி நான் காட்டப் போவதற்கு முன்னால் என் கை அடி ஒன்றுமே இல்லை.

"தார்ப்பாயை அன்னிக்கு இருந்த மாதிரி போடுங்க," என்றேன் ஸ்டெப்னியிடம். அவர் ஏறி இழுத்துக் கட்டினார். கிழிந்த மூலையின் வளையம் கயிற்றைத் தாங்கவில்லை; அது நழுவித் தொங்கியது. அண்ணனை முன்பக்கம் நிற்க வைத்தேன். ஸ்டெப்னி சுவிட்சைப் போட்டார். முன்னால் இரண்டு விளக்கும் டிக் டிக்கென்று மின்னின.

"சரியாத்தானே இருக்கு?" என்றார் அண்ணன்.

"பின்னால வாங்க."

ஷெட்டில் இருட்டு ஏறியிருந்தது. அவர் லாரியின் பக்கவாட்டில் கையைத் தேய்த்தபடி நடந்து வந்தார். பின்பக்கம் வந்து திரும்பினார்.

சேறு அப்பிய இடது விளக்கு மட்டும் மங்கலாக மின்னியது. வலது பக்கம் தார்ப்பாய். விளக்கே இல்லாதது போல இருட்டு.

இடது விளக்கு மின்னினால் என்ன அர்த்தம் என்று ஒரு லாரிக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. போ. போ. போ.

ஸ்டெப்னி இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார். "உடனே வந்துடலைங்க அவர்," என்றார் மெதுவாக. "கால் மணி நேரம் பொறுத்துப் பாத்திருக்கார். அண்ணன் விடாம கூப்பிடறாரே, வண்டியில ஏதோ கோளாறு போலிருக்கு, நம்மளை முன்னால போய் வழிகாட்டச் சொல்றார்னு நெனச்சிருப்பார். நான்னாலும் வந்திருப்பேன்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழுகை கூட இல்லை. மின்னும் விளக்கையே பார்த்தார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். லாரியின் அருகே போனாள். அந்தக் கிழிந்த மூலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். வலது விளக்கும் மின்னத் தொடங்கியது. பளிச்சென்று, அழுக்கில்லாமல். நாலு விரற்கடைத் துணி. அவ்வளவுதான் நடுவில் இருந்தது.

"பன்னெண்டு நாள் மாமா," என்றாள், துணியை விடாமல். "நான் போனைத் தொடலை. வேலைக்குப் போற வழியில யாராவது போன்ல பேசினா காதைப் பொத்திக்குவேன். சோத்துல கை வச்சா அத்தை கேப்பாங்க, எப்படிடி இறங்குதுன்னு. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் இருந்தீங்க."

"என்னை என்ன வேணா பண்ணும்மா."

"உங்களை நான் என்ன பண்ண? விளக்கைப் போட்டது அவருக்காக. அது எனக்குத் தெரியுது. நானும் அவருக்காகத்தான் கூப்பிட்டேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

டிக் டிக். டிக் டிக்.

அவள் துணியை விட்டாள். விளக்கு ஒன்றாயிற்று. பையிலிருந்து போனை எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். வெளிச்சம் வர வெகு நேரம் பிடித்தது போலிருந்தது. வந்ததும் ஒரு எண்ணைத் தொட்டு, அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

அவர் அதை வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். காதருகே கொண்டுபோனார். மறுமுனையில் மணி அடிப்பது எங்களுக்கும் கேட்டது. அப்புறம் அந்தக் குரல், முன்னறையில் கேட்ட அதே குரல்.

"என்னடி, மறுபடி போனைத் தூக்கிட்டியா? இன்னும் யாரைக் கொல்லணும் உனக்கு?"

"அம்மா," என்றார் அவர், மின்னும் ஒற்றை விளக்கைப் பார்த்தபடி. "அவ இல்லம்மா. நான்."